மகளின் கொயர் கொன்சேர்ட்டுக்குக் குடும்பமாகப் போகிறோம். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

மெரின் டிரைவ் தென்றல்:

எல்லாருக்கும் வணக்கம். மகள் தரம் 9 படிக்கிறாள், பாடசாலைக் கொயரில் (சேர்ந்து பாடுகிற குழுவில்) அல்ட்டோ, அதாவது கீழ்க் குரல். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் லயனல் வென்ட் அரங்கில் அவர்களுடைய கொன்சேர்ட். நானும் இவரும், ஆறு வயது மகன், என் அம்மா, மாமி என்று ஐந்து ரிக்கெட் எடுத்துவிட்டோம். கொயர் கேட்கவென்று எங்கள் வீட்டில் இதுவரை யாரும் மண்டபத்துக்குப் போனதில்லை. அம்மா கச்சேரி ரசிகை. இராமகிருஷ்ண மிஷன் மண்டபமோ தமிழ்ச் சங்கமோ, வாய்ப்பாட்டு என்றால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். அவருக்கு இப்போதே ஒரு கேள்வி: "நாற்பது பிள்ளைகள் ஒண்டாப் பாடினா எங்கட பிள்ளையின்ர குரல் எப்பிடிக் கேக்கும்?" எனக்கும் பதில் தெரியவில்லை.

மாமிக்கு முழங்கால் வலி, காதுக்கு மெஷின் போட்டிருக்கிறார். மகன் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓரிடத்தில் இருக்கமாட்டான். மகளின் பாட்டுகள் முடிந்ததும் எழும்பி வந்துவிடலாம் என்று இவர் சொல்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். இடையில் எழும்பிப் போவது வழக்கம்தானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அப்பா:

என் இரண்டு மகள்மாரும் கொயரில் பாடினவர்கள். நடைமுறை விடயங்களை நான் சொல்கிறேன், மற்றதைப் பாட்டுத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பாடுகிற பிள்ளைகளை நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முதலே வரச் சொல்வார்கள். யார் எந்தப் படியில் நிற்பது, மைக் எங்கே என்று பார்க்க வேண்டும், குரலைப் பதப்படுத்த வேண்டும். ஆகவே வீட்டில் சாப்பிட வைத்து அனுப்புங்கள், வயிறு முட்ட வேண்டாம். வெறும் வயிற்றோடு, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றால் தலைசுற்றி விழுகிற பிள்ளைகள் உண்டு. காலைக் கொஞ்சம் தளர்த்தி நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தல், கூடுதலாக ஒரு சோடி வெள்ளைச் சொக்ஸ், தலைக்குக் குத்துகிற பின் ஒரு பிடி. பின் கேட்டு ஓடித் திரிகிற தாய்மாரை ஒவ்வொரு முறையும் காண்கிறேன்.

கொழும்பு 7 இல் சனிக்கிழமை பின்னேரம் வாகனம் நிறுத்துவது பெரும்பாடு. முதலில் அம்மாவையும் மாமியையும் வாசலில் இறக்கிவிடுங்கள், அவர்களோடு ஒருவர் நிற்கட்டும். திரும்பும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பிக்மீ அடிப்பார்கள் (போனில் வாகனம் கூப்பிடுவார்கள்), ஒன்றும் வராது. தெரிந்த ஓட்டோக்காரர் யாராவது இருந்தால் நேரத்தைச் சொல்லி வையுங்கள். பின்னேர மழை தொடங்கிவிட்ட காலம், குடையை மறக்க வேண்டாம்.

அல்ட்டோ வரிசை:

உங்கள் அம்மாவின் கேள்விக்கு முதலில் வருகிறேன், அக்கா. நானும் கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஏ/எல் (உயர்தரம்) வரைக்கும் அல்ட்டோ பாடினவள்.

பிள்ளையின் குரல் தனியாகக் கேட்காது. கேட்கவும் கூடாது. பிராக்டிஸில் எங்கள் ரீச்சர் வரிசைக்கு நடுவால் மெதுவாக நடந்து வருவார், ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் காதைக் கொடுத்து. யாருடைய குரலாவது துருத்திக்கொண்டு நின்றால் தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான், அந்தப் பிள்ளை குரலை அடக்கிக்கொள்ளும். ஆடிவேல் தேரின் வடத்தைப் பிடிக்கிறபோது எந்தக் கை எவ்வளவு இழுத்தது என்று யாருக்கும் தெரியாது, தேர் மட்டும் நகரும். கொயரும் அப்படித்தான். உங்கள் மகளைத் தேடாமல் மொத்தத்தையும் கேட்கச் சொல்லுங்கள். அதற்குள்தான் அவள் இருக்கிறாள்.

இன்னொன்று. மகள் வீட்டில் பாடிப் பார்க்கும்போது "இதென்ன பாட்டு, மெட்டே இல்லையே" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். மெட்டு பெரும்பாலும் சொப்ரானோ என்கிற மேல் குரல் வரிசையிடம் இருக்கும். அல்ட்டோவுக்குக் கீழே ஒரு தனி வழி. சில இடத்தில் ஒரே சுரத்திலேயே நாலு அடி நிற்க வேண்டியிருக்கும். தனியாகக் கேட்டால் அதில் ரசிக்க ஒன்றும் இருக்காது. மேலே சொப்ரானோ ஏறும்போது கீழே அது அசையாமல் நிற்பதால்தான் அந்த ஏற்றமே தெரிகிறது. பக்கத்தில் ஒருத்தி வேறு சுரம் பாட, அவள் பக்கம் இழுபட்டுப் போகாமல் தன் சுரத்தில் நிற்பதற்கு எவ்வளவு காது வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் யாராவது மகளிடம் அதைக் கேட்டிருப்பீர்களா தெரியாது. கேட்டால் அரை மணித்தியாலம் கதைப்பாள்.

சின்னச் சின்ன விடயங்களும் உண்டு. நீளமான அடிகளில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் பாட்டு அறுந்துவிடும். அதனால் நானும் பக்கத்துப் பிள்ளையும் ஆளுக்கொரு இடம் பேசி வைத்துக்கொள்வோம், சொல்லின் நடுவில், ஒருவரும் கவனிக்காத இடத்தில். கேட்பவர்களுக்கு மூச்சே விடாமல் பாடுவது போல இருக்கும். ஆங்கிலச் சொல் "ஸ்" என்று முடிந்தால் நாற்பது பேரும் அதைச் சொல்ல முடியாது, மண்டபம் முழுக்க சீறும். எங்கள் கொயரில் நாலைந்து பேர் மட்டும் சொல்வோம், மற்றவர்கள் அதை விட்டுவிடுவோம்.

எழும்பிப் போவது பற்றி: கதவு திறந்தால் வெளி வெளிச்சம் உள்ளே விழும். மேடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். நாங்கள் கடைசி வருடம் பாடியபோது எங்களுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளின் கொயர். அவர்கள் பாட்டு முடிந்ததும் வரிசை வரிசையாக மண்டபம் காலியாகியது. ஏ/எல் முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு அது கடைசி மேடை. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு பாடினோம். தயவுசெய்து முடியும்வரை இருங்கள். அநேகமாகக் கடைசிப் பாட்டுக்கு எல்லாக் கொயரும் சேர்ந்து மேடைக்கு வரும், உங்கள் மகளும் வருவாள்.

நேரம் பார்ப்பவன்:

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கணவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். நான் போன ஒரு நிகழ்ச்சி (பாடசாலையின் பெயர் வேண்டாம்) ஆறு மணிக்கு என்று ரிக்கெட்டில் போட்டிருந்தது. பிரதம விருந்தினர் வந்து விளக்கேற்றி முதல் பாட்டுத் தொடங்க ஏழு மணி தாண்டிவிட்டது. பிறகு வரவேற்புரை, ஆசியுரை, அனுசரணையாளருக்கு நினைவுச் சின்னம், அவருடைய உரை. பிள்ளைகள் பாடினது ஒரு மணித்தியாலம், பெரியவர்கள் பேசினதும் கிட்டத்தட்ட அவ்வளவு. எழுபது வயது கடந்த என் அம்மாவால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. சுகர் வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எழும்பினோம். ஏழெட்டு ஜோடிக் கண்கள் எங்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்த்தன.

குடும்பங்கள் முழுக்க இருக்க வேண்டும் என்றால் ஏற்பாட்டாளர்கள் எங்கள் நேரத்துக்கும் மரியாதை தர வேண்டும். பேச்சைக் குறையுங்கள். நிகழ்ச்சி நிரலை முதல் நாளே வட்ஸ்அப்பில் போடுங்கள். அப்போது யார் எதற்கு வெளியே போவது என்று திட்டமிடலாம்.

கொட்டாஞ்சேனை அப்பா:

பேச்சு விடயத்தில் நூற்றுக்கு நூறு உங்களோடு நிற்கிறேன், அண்ணா. ஆனால் அதற்கான தண்டனையைப் பாடுகிற பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. வயதானவர்கள், கைக்குழந்தைகள் போகட்டும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். நல்ல சுகத்தோடு இருக்கிற தகப்பன்மார் தன் பிள்ளை முடிந்ததும் வாகனத் திறப்பைக் கையில் எடுப்பதைத்தான் சொல்கிறோம். போவதென்றாலும் ஒரு பாட்டு முடிந்து கைதட்டுகிறபோது போகலாம்.

சுருதிப்பெட்டி:

இந்த இழையைப் பார்த்துச் சந்தோசமாக இருக்கிறது. நான் கர்நாடக சங்கீத ஆசிரியை. பாடசாலையில் மேலைத்தேயக் கொயருக்குப் பொறுப்பான ரீச்சரோடு சேர்ந்து பல காலம் வேலை செய்திருக்கிறேன். கச்சேரி கேட்டுப் பழகின உங்கள் அம்மா அந்நியமான இடத்துக்குப் போவதாக நினைக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே சொல்லிப் பார்க்கிறேன்.

மேலைத்தேயத்தின் மேஜர் ஸ்கேல் என்கிற சுரவரிசை நமக்கு 29ஆவது மேளம் (தாய் இராகம்), தீரசங்கராபரணம். ஹார்மோனிக் மைனர் என்று இன்னொரு சுரவரிசையைச் சொல்கிறார்களே, அது 21ஆவது மேளமான கீரவாணியின் சுரங்கள். சந்தோசமான பாட்டு வந்தால் அம்மா சங்கராபரணத்தை மனதில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். சொப்ரானோ பஞ்சமத்தில் நிற்கும்போது இரண்டாம் சொப்ரானோ காந்தாரத்தில், அல்ட்டோ ஸட்ஜத்தில் நிற்கலாம். ச, க, ப மூன்றும் ஒரே நேரத்தில். நம் இசையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற சுரங்கள் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன.

இது நமக்குப் புதிதா என்றால், இல்லை. நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை (கீழ் ச) மீட்டினால் அதற்குள்ளிருந்து அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தில் வருகிற க) தானாக எழும்பும். சுயம்பு காந்தாரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு தந்தியின் ஓசைக்குள் மற்றச் சுரங்களும் மெல்லியதாக இருப்பதால் வருவது அது. உங்கள் அம்மா இத்தனை கச்சேரிகளில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தம்புராவில் மறைந்து கிடக்கிற காந்தாரத்தை இந்தப் பிள்ளைகள் வாயால் வெளியே கொண்டுவருகிறார்கள் என்று சொல்லுங்கள், அவருக்குப் பிடிபடும்.

வித்தியாசம் எங்கே என்றால் கமகத்தில், சுரத்தை அசைத்துப் பாடுவதில். நம் பாட்டில் சுரம் அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவில்தான் இராகம். கொயரில் ஒருவர் அசைத்தால் மற்றவரோடு மோதும், அதனால் சுரத்தை நேராக நிறுத்துவார்கள். அம்மாவுக்கு முதல் இரண்டு பாட்டு வெறுமையாகத் தோன்றலாம். பொறுத்திருந்தால் காது பழகிவிடும்.

பியானோ இல்லாமல் பாடுகிற பாட்டு ஏதாவது இருந்தால் அதைத் தவறவிட வேண்டாம். ரீச்சர் பியானோவில் ஒரு தட்டு, அல்லது 440 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டு மெல்ல ஒரு முனகல். அந்த ஒரு சுரத்திலிருந்து ஒவ்வொரு வரிசையும் தன் சுரத்தைக் கண்டுபிடிக்கும். சுருதிப்பெட்டி பின்னால் ஒலித்துக்கொண்டிருக்காது. பாட்டு முடியும்போது கொஞ்சமும் சுருதி இறங்காமல் தொடங்கிய இடத்திலேயே நின்றார்கள் என்றால் அந்தப் பயிற்சிக்கு எழும்பி நின்று கைதட்டலாம்.

கைதட்டல் என்றதும் ஒன்று: கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்ததும் "ஆஹா" என்போம், தலையாட்டுவோம். இங்கே பாட்டு முடியும்வரை அமைதி. கடைசிச் சுரம் ஒலித்து முடிந்து ரீச்சரின் கை கீழே இறங்கும்வரை பொறுக்க வேண்டும். தாளத்தைத் தொடையில் மெதுவாகப் போடலாம், சத்தம் வராமல்.

தெஹிவளை வாசி:

மாமியின் காது மெஷின் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. என் அப்பாவும் பாவிக்கிறார். மெஷின்கள் பேச்சைத் தெளிவாக்குவதற்கென்று சரிசெய்யப்பட்டவை. அதே அமைப்பில் பாட்டுக் கேட்டால் சிலருக்குச் சத்தம் உடைந்து, கரகரப்பாக வரும். பல மெஷின்களில் பாட்டுக்கென்று தனி அமைப்பு வைக்கலாம். வாங்கின இடத்தில் போய்க் கேளுங்கள், கொன்சேர்ட்டுக்கு முதலே. பற்றரியைப் புதிதாகப் போட்டு அனுப்புங்கள். காதில் சரியாக உட்காராவிட்டால் கீச்சென்று சத்தம் போடும். போட்டவருக்குப் பல வேளை கேட்காது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டாம். நடுவில், கரையோர நாற்காலியில். முழங்காலையும் நீட்டிக்கொள்ளலாம்.

மெரின் டிரைவ் தென்றல்:

எல்லாருக்கும் நன்றி. சுருதிப்பெட்டி ரீச்சரின் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சுயம்பு காந்தாரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மகளைக் கூப்பிட்டு "நீ எந்தச் சுரம் பிடிக்கிறாய்?" என்று கேட்க, இரண்டு பேரும் சமையலறையில் நின்று பாடிப் பார்த்தார்கள். அம்மா பஞ்சமம், மகள் அதற்குக் கீழே. அப்புறம் இன்னொரு கேள்வி. கனடாவில் இருக்கிற என் அண்ணா குடும்பம் வீடியோ எடுத்து அனுப்பு, முடிந்தால் லைவ் போடு என்று நச்சரிக்கிறார்கள். எடுக்கலாமா?

நூறாம் நம்பர் பஸ்:

எடுங்கள். ஏன் எடுக்கக் கூடாது? எங்கள் சனம் பாதி வெளியில் இருக்கிறது. என் அம்மம்மாவைப் பார்க்க ரொறன்ரோவில் இருந்து பேரப்பிள்ளைகள் வருவது எப்போதாவதுதான். பேத்தி மேடையில் நிற்பதைப் பார்க்க அவர்களுக்கு வேறு வழி இல்லை.

அல்ட்டோ வரிசை:

அந்த ஏக்கம் எனக்கும் விளங்குகிறது, என் பெரியப்பா குடும்பமும் லண்டனில்தான். ஆனால் இருட்டு மண்டபத்தில் ஒரு போனைத் தூக்கினால் பின்னால் இருக்கிற நாலு வரிசைக்கும் அந்த வெளிச்சம்தான் தெரியும். போனில் பதிகிற சத்தமும் நல்லாயிருக்காது. மெல்லிய இடம் கேட்காது, பலத்த இடம் வெடிக்கும். அதோடு மேடையில் இருப்பது உங்கள் பிள்ளை மட்டும் இல்லை. மற்றப் பிள்ளைகளை லைவ் போடுவதற்கு அவர்களுடைய அம்மா அப்பா சம்மதம் சொல்லவில்லையே. பாடசாலைக்கென்று ஒருவர் பின்னால் நின்று ஒழுங்காகப் பதிவு செய்வார், பிரதி கேட்டு வாங்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் மகளை நிறுத்தி, உடுப்போடு ஒரு படம், அண்ணாவுக்கு ஒரு வீடியோ கோல். அது போதும்.

நூறாம் நம்பர் பஸ்:

பாடசாலைப் பதிவு கைக்கு வர மாதக்கணக்காகும். ஒரு பாட்டை மட்டும், பின் வரிசையில் நின்று, திரை வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். அறிவித்தலில் வேண்டாம் என்று சொன்னால் எடுக்கமாட்டேன். அவ்வளவுதான்.

பொரளை அம்மா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மகன் ஆண்கள் பாடசாலை, தரம் 8. சின்ன வயதிலிருந்து கொயரில் மேல் குரல் பாடினவன். இப்போது குரல் உடைய ஆரம்பித்துவிட்டது. இந்த வருட நிகழ்ச்சியில் மேல் வரிசையில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. என்ன சொல்லித் தேற்றுவது?

சுருதிப்பெட்டி:

பாவம் பிள்ளை. அந்த வயதில் குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, அதனால் குரல் கீழே இறங்கும். பொதுவாகப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தொடங்கும், சிலருக்கு முந்தும், சிலருக்குப் பிந்தும். இழுத்துப் பிடித்து மேல் குரலில் பாட வைப்பதுதான் கெடுதல். பாட்டை முழுக்க நிறுத்தவும் தேவையில்லை. தனக்கு இலகுவாக வருகிற நாலைந்து சுரத்துக்குள் மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கலாம். வேறு வரிசையில் நிற்கவோ, தாளுகளைப் புரட்டிக் கொடுக்கவோ, ரீச்சரிடம் கேளுங்கள். கொயரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய அழுகை. ஆண்களின் கீழ் குரல்கள் டெனரோ பாஸோ, பாட்டுக்கு அந்தக் குரலும் வேண்டும். குடும்பமாக அவனையும் கூட்டிக்கொண்டு நிகழ்ச்சிக்குப் போங்கள், பெரிய அண்ணாமார் பாடுகிற கீழ் வரிசையைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் வரிசை:

எனக்கு நீண்ட நாளாக மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நிகழ்ச்சிகளில் ஆங்கிலப் பாட்டுகள் நிறைய. சிங்களம் மூன்று நான்கு. தமிழ் ஒன்று, சில வருடம் அதுவும் இல்லை. தமிழ்ப் பாட்டு வந்தாலும் உச்சரிப்பைக் கேட்க வேதனையாக இருக்கும். எங்கள் பிள்ளைகள் அங்கே அத்தனை பேர் படிக்கிறார்கள். குடும்பமாகப் போய் உட்கார்ந்திருக்கிற அம்மம்மாவுக்கு விளங்குகிற மாதிரி ஒரு பாட்டுப் பாட முடியாதா?

அல்ட்டோ வரிசை:

எங்கள் வருடத்தில் ஒரு தமிழ்ப் பாட்டு இருந்தது. கொயரில் பாதிக்கு மேல் சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகளும் பறங்கிப் பிள்ளைகளும் இருந்தார்கள். சிங்களப் பிள்ளைகளுக்கு வரிகளைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். அதில் ஒரு வசதி: தமிழில் ஒரே "க"வை இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கிறோம், சிங்களத்தில் அதற்குத் தனித்தனி எழுத்து உண்டு, சரியான ஒலியையே எழுதிவிடலாம். மாட்டிக்கொண்டது ழகரத்தில். நாங்கள் இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இடைவேளைகளில் உட்கார்ந்து, நாக்கை எங்கே மடிப்பது என்று வாயைத் திறந்து காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தோம். ஒரு தோழி பஸ்ஸில் போகும்போதெல்லாம் "மழை, மழை" என்று சொல்லிப் பழகினாள். மேடையில் அவள் சொன்ன ழகரம் என்னுடையதை விடத் திருத்தமாக இருந்தது.

ரீச்சர்மார் தமிழ் வேண்டாம் என்று ஒதுக்குவதாக நான் நினைக்கவில்லை. பல குரலுக்கு எழுதப்பட்ட ஆங்கிலப் பாட்டு கடையில் புத்தகமாகவே கிடைக்கிறது. தமிழில் அப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. யாராவது எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

சுருதிப்பெட்டி:

அதுதான் உண்மை. தமிழில் செய்ய முடியாது என்பதில்லை. எம். பி. சீனிவாசன் (1925–1988) சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வைத்துப் பாரதி பாட்டுகளைப் பல குரலில் பாட வைத்தார். எங்கள் பாடசாலைகளில் தமிழ்த் தினப் போட்டிக்குக் குழு இசை பயிற்றுகிறோம். அங்கே எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். அடுத்த படியை எடுத்து வைக்க ஆள் வேண்டும். மோகனத்தில் தொடங்கலாம். ச ரி க ப த, ஐந்தே சுரம், ஒன்றோடொன்று உரசுகிற அரைச் சுர இடைவெளி எங்கும் இல்லை. ஒரு வரிசை முதலடியைத் தொடங்க, இன்னொரு வரிசை ஒரு தாளவட்டம் பிந்தி அதே அடியைத் தொடங்கினாலே அழகாக ஒலிக்கும்.

மெரின் டிரைவ் தென்றல்:

போய் வந்துவிட்டோம்! விபரமாக எழுதுகிறேன், இத்தனை பேர் நேரம் எடுத்துப் பதில் போட்டீர்கள்.

மழை இல்லை. தொடங்க இருபது நிமிடம் பிந்தியது, பேச்சு ஒன்றுதான், அதுவும் சுருக்கம். (நேரம் பார்ப்பவன் அண்ணா, இப்படியும் நடத்துகிறார்கள்.) மகன் நாலாவது பாட்டில் நெளியத் தொடங்க, கைதட்டுகிற நேரம் பார்த்து இவர் வெளியே கூட்டிக்கொண்டு போனார். அரங்கோடு இருக்கிற கலைக்கூடத்தில் படங்கள் மாட்டியிருந்தார்கள். லயனல் வென்ட் யார், ஏன் மண்டபத்துக்கு அவர் பெயர் என்று மகன் துளைத்தெடுத்துவிட்டானாம். புகைப்படம் பிடித்தவர், பியானோவும் வாசித்தவர், 1944 இல் இறந்துபோனார், 1953 இல் இந்த அரங்கைத் திறந்தார்கள் என்று இவர் போனில் தேடிச் சொல்லியிருக்கிறார். பியானோக்காரரின் வீடு என்று மகன் இப்போது சொல்லித் திரிகிறான். இடைவேளைக்குப் பிறகு இரண்டு பேரும் திரும்பி வந்து கடைசிவரை இருந்தார்கள்.

மாமிக்கு மெஷினை முதலே காட்டி மாற்றினது நல்லதாய்ப் போயிற்று. ஆங்கிலப் பாட்டில் சொல் ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் சத்தம் இதமாக இருந்தது என்றார்.

அம்மாவைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மூன்றாவது பியானோ இல்லாத பாட்டு. ரீச்சர் கையைத் தூக்க, அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அந்த மூச்சே எங்கள் வரிசைக்குக் கேட்டது. பிறகு வாயை மூடிய ஒரு முனகல், கீழே இருந்து ஒவ்வொரு வரிசையாக ஏற, அம்மா என் கையைப் பிடித்து "ச… ப… அந்தா காந்தாரம்" என்று காதுக்குள் சொன்னார். அதற்குப் பிறகு பேத்தி எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தேடவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெளியே வந்து மகளிடம் முதலில் கேட்டது: "ஆறாவது பாட்டில நடுவில ஒரு இடம் சுருதி கொஞ்சம் இறங்கினது, கவனிச்சனீங்களா?" மகள் அசந்துபோய்விட்டாள். ரீச்சரும் மேடைக்குப் பின்னால் அதையே சொன்னாராம்.

வீடியோ எடுக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். வாசலில் நின்று அண்ணாவுக்கு அழைத்தோம். அங்கே காலை, எல்லாரும் எழும்பியிருந்தார்கள். மகள் தன் அல்ட்டோ வழியை மட்டும் நாலு வரி பாடிக் காட்டினாள்.

தமிழ்ப் பாட்டு இந்த முறை இல்லை. மூன்றாம் வரிசை எழுதினதை மனதில் வைத்து, முடிந்த பிறகு ரீச்சரிடம் போய்க் கதைத்தேன். அவர் சிங்களவர். "நீங்கள் ஒன்று கொண்டு வாருங்கள், நான் பழக்குகிறேன், ஆனால் அடுத்த தவணை தொடங்கும்போது பாட்டு எழுதின தாள் கையில் வேண்டும்" என்று உடனேயே சொன்னார். இப்போது என்ன செய்வது?

நேரம் பார்ப்பவன்:

பேச்சு ஒன்றுதான் என்று வாசிக்கவே ஆறுதலாக இருக்கிறது. எங்கள் பாடசாலைப் பெற்றோர் குழுவுக்கும் எழுதப் போகிறேன்: ஆறு மணி என்றால் ஆறு மணி, உரை ஒன்றே ஒன்று, நிரல் முதல் நாள். யாராவது சேர்ந்து கையெழுத்து வைக்க விருப்பம் என்றால் சொல்லுங்கள்.

மூன்றாம் வரிசை:

அக்கா, நீங்கள் போய்க் கேட்டதற்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. பாட்டுக்கான வரிகளை நான் தேடித் தருகிறேன். பாரதியாரில் சின்னதாக, மூன்று சரணத்துக்கு மேற்படாமல் ஒன்று.

சுருதிப்பெட்டி:

மெட்டும் வரிசைகளும் நான் எழுதுகிறேன், மோகனத்தில். சுரத்திலும் எழுதுவேன், மேலைத்தேய ஐந்துகோட்டு முறையிலும் ஒருவரைக் கொண்டு எழுதுவித்துத் தருகிறேன், அது இல்லாமல் ரீச்சருக்குப் பழக்குவது கஷ்டம். மூன்று வரிசை போதும். தரம் 9 பிள்ளைகளைப் பியானோவின் நடு சீ என்கிற சுரத்துக்குக் கீழே அதிகம் இறக்கினால் ஓசை போய்க் காற்றுத்தான் வரும், அதனால் அல்ட்டோவை அந்த எல்லைக்குள் வைக்கிறேன். மகளின் கொயரில் ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மெரின் டிரைவ் தென்றல்:

மகளிடம் கேட்டு நாளைக்கே போடுகிறேன், ரீச்சர். எழுதினதும் முதலில் பாடிப் பார்க்க வீட்டுக்கு வரச் சொல்கிறார் அம்மா. தோசையும் போடுவாராம்.

அல்ட்டோ வரிசை:

வரிகள் முடிவானதும் எனக்கும் அனுப்புங்கள். சிங்கள எழுத்தில் எழுதித் தருகிறேன், ழகரம் வருகிற இடமெல்லாம் அடிக்கோடு போட்டு. ஒவ்வொரு சரணத்தையும் போனில் மெதுவாகச் சொல்லிப் பதிந்தும் விடுகிறேன், பிள்ளைகள் பஸ்ஸில் கேட்டுப் பழகலாம்.